மீட்டிச் சொல்பவர்

கொச்சிக்கடையில் எங்கள் வீட்டாருக்கு 'டெமொன்ஸ்ட்ரேட்டர்' என்ற சொல் கடைசிவரை பிடிபடவேயில்லை. 2004இல் கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் துறையில், முதுமாணி ஆய்வுக்குப் பதிவுசெய்துகொண்டு, அந்தப் பதவியில் நான் சேர்ந்தபோது, வாப்பா ஜம்பட்டா வீதிக் கடைக்காரர்களிடம் "மகன் கம்பஸ்ல லெக்சரர்" என்றே சொல்லிக்கொண்டார். உம்மாவுக்கோ வேறு சந்தேகம். "படிக்கிற புள்ளைக்கு எதுக்கு மகன் சம்பளம் குடுக்குறாங்க?" என்று கேட்டார். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. நான் படிப்பவனாகவும் இருந்தேன், படிப்பிப்பவனாகவும் இருந்தேன். இரண்டிலும் முழுமையாக இல்லை.

இந்தப் பாதிப் பதவிக்கு நமது நாட்டில் பல பெயர்கள் உண்டு. தற்காலிக உதவி விரிவுரையாளர், செய்முறைப் போதனாசிரியர், டியூட்டர் என்றெல்லாம் அழைப்பார்கள். பெரும்பாலும் இறுதிப் பரீட்சையில் நல்ல சித்தி பெற்றவர்களையே பெறுபேறு வந்த கையோடு எடுப்பார்கள். நேற்றுவரை பின்வாங்கில் இருந்தவர் இன்று கரும்பலகைக்கு முன்னால் நிற்பார். விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் பாடம் நடத்திவிட்டுப் போன பிறகு, அதே பாடத்தை மூன்று மணித்தியாலச் செய்முறை வகுப்பில் மாணவர் கையால் செய்துபார்க்க உதவுவதும், விளங்காதவருக்கு விளங்கவைப்பதும், செய்முறைக் கொப்பியைத் திருத்திப் புள்ளியிடுவதும், வரவு இடாப்பில் ஒப்பம் பெறுவதும் இவர்களது வேலை.

விளங்கவைப்பது என்று நான் இலேசாக எழுதிவிட்டேன். அதன் பாரத்தை ஓர் எடுத்துக்காட்டினால் சொல்கிறேன். உயர்தரத்தில் தமிழ்மொழி மூலம் இரசாயனவியல் படித்த பிள்ளைக்கு அளவி தெரியும், குழாயி தெரியும், முகவை தெரியும். நியமிப்பு என்றால் என்ன, காட்டி எப்போது நிறம் மாறும், முடிவுப்புள்ளியை எப்படிக் கண்டுகொள்வது என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். விஞ்ஞான பீடத்திலோ அனைத்தும் ஆங்கிலம். 'பியூரெட்டை எடு' என்று சொல்லப்படும்போது, அளவியைக் கையில் வைத்துக்கொண்டே பியூரெட் எங்கே என்று மேசையைத் தேடிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. தன் ஊரில் முதல் மூவருள் ஒருவராக வந்த பிள்ளைதான். அளவிக்கும் பியூரெட்டுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு சாண் தூரத்தைக் கடக்க ஓர் ஆள் தேவை. விரிவுரையாளருக்கு அதற்கு நேரமில்லை. நூலகப் புத்தகத்திலும் அது இல்லை. மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் டெமொன்ஸ்ட்ரேட்டர் ஒருவரே அதைச் செய்யக்கூடியவர்.

இந்த விடயத்தில் கொச்சிக்கடை எனக்குக் கைகொடுத்தது. அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வரும் கூட்டத்தில் சிங்களமும் தமிழும் கலந்தே ஒலிக்கும். வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், பாடசாலைக்குப் பிறகு டியூசனில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மருதமுனைப் பிள்ளைக்கு அளவியையும் மாத்தறைப் பிள்ளைக்கு பியூரெட்டுவையும் ஒரே மேசையில் எடுத்துக்காட்ட என்னால் முடிந்ததென்றால், அது பல்கலைக்கழகம் தந்த பயிற்சியல்ல, தெரு தந்த பயிற்சி.

பல்கலைக்கழகம் தந்தது ஒரு கடிதம். அதில் பதவியின் பெயர், ஒரு வருடக் காலம், மாதக் கொடுப்பனவு ஆகிய மூன்றும் இருந்தன. என்ன செய்ய வேண்டும், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், எதைச் செய்யக்கூடாது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பவை இல்லை. நிரந்தர நியமனம் பெறும் புதிய விரிவுரையாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சிநெறி இருந்தது. தற்காலிகமானவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. உட்கார்ந்து கொப்பி திருத்த ஒரு மேசைகூட இல்லாமல், மாடிப்படியில் இருந்து திருத்தினோம். கடமைகள் வாய்மொழியாக வந்துகொண்டேயிருந்தன. வளங்கள் வாய்மொழியாகக்கூட வரவில்லை.

பிற்காலத்தில், இஸ்லாமியக் கல்வி வரலாறு பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான் என்னுடைய பழைய பதவிக்கு ஆயிரம் வருடப் பூர்வீகம் இருப்பதை அறிந்தேன். 1067இல் பக்தாதில் திறக்கப்பட்ட நிஸாமிய்யா மத்ரஸாவிலும் அதைத் தொடர்ந்து வந்த மத்ரஸாக்களிலும் முதர்ரிஸ் என்ற ஆசிரியருக்கு அடுத்ததாக முஈத் என்றொருவர் இருந்தார். 'இஆதா' என்றால் மீட்டல். முஈத் என்றால் மீட்டிச் சொல்பவர். முதர்ரிஸ் பாடத்தை முடித்து எழுந்து போனதும், முஈத் மாணவரோடு உட்கார்ந்து அதை மறுபடியும் சொல்வார், விளங்காத இடங்களை அவிழ்ப்பார். அநேகமாக அவரும் மேற்படிப்பு மாணவர்தான். 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸில் காழியாக இருந்த தாஜுத்தீன் அஸ்ஸுப்கீ (மறைவு 1370), ஒவ்வொரு உத்தியோகத்தின் கடமையையும் வரிசைப்படுத்திய தமது நூலில் முஈதையும் விட்டுவைக்கவில்லை. பாடத்தைச் செவியேற்பதோடு முஈதின் பொறுப்பு முடிவதில்லை, மாணவருக்கு விளங்கவைப்பதும் பயனளிப்பதும் அவர்மீது கடமை என்பது அவரது கருத்து.

ஸலாஹுத்தீன் ஐயூபியின் வரலாற்றை எழுதிய பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் தம் இளமையில் நிஸாமிய்யாவில் ஏறத்தாழ நான்கு வருடங்கள் முஈதாக இருந்தவர். அவர் சொன்னதாக இப்னு கல்லிகான் ஒரு சம்பவத்தைப் பதிவுசெய்திருக்கிறார். நிஸாமிய்யாவின் பிக்ஹு மாணவர் நான்கைந்து பேர், ஞாபகசக்தி கூடும் என்று நம்பி, 'பலாதுர்' என்னும் மருந்தை அளவுகேட்டு வாங்கிக் குடித்தார்கள். பலாதுர் வேறொன்றுமல்ல, நமது நாட்டு வைத்தியர்கள் அறிந்த சேங்கொட்டைதான். குடித்தவர்களுக்குப் புத்தி பேதலித்து ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். சில நாட்களின் பின் அவர்களில் ஒருவர் உடலில் துணியேதுமின்றி, தலையில் மட்டும் பெரிய தலைப்பாகை கட்டி, மிகுந்த கண்ணியத்தோடு மத்ரஸாவுக்குள் வந்தமர்ந்தார். கேட்டபோது, "என் தோழர்கள் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது, எனக்கு மாத்திரம்தான் ஒன்றும் ஆகவில்லை" என்றாராம்.

வாசித்தபோது சிரித்தேன், பிறகு யோசித்தேன். பரீட்சைப் பயத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், யார் உண்ணாமல் இருக்கிறார், யார் உறங்காமல் இருக்கிறார், யார் மூன்று நாளாக வகுப்புக்கு வரவில்லை என்பதெல்லாம் முதர்ரிஸுக்குத் தெரிய வருவதில்லை. முஈதுக்கே முதலில் தெரியும். எண்ணூற்று ஐம்பது வருடங்களுக்கு முன்னரும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த மத்ரஸாக்கள் வக்பு சொத்துக்களில் இயங்கின. வக்பு செய்தவர் எழுதிவைத்த பத்திரங்களில் முதர்ரிஸுக்கு இவ்வளவு, முஈதுக்கு இவ்வளவு, மாணவருக்கு இவ்வளவு என்று பங்கு குறிக்கப்படுவதுண்டு. இன்ன கடமைக்கு இன்ன பங்கு என்று, பொறுப்பும் வளமும் ஒரே தாளில் எழுதப்பட்டன.

இதற்கு நேர்மாறான கதையொன்று நமது மொழிப் பிரதேசத்திலிருந்தே போயிருக்கிறது. 1789இல் சென்னையில் இராணுவத்தாரின் பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதிப் பாடசாலைக்குப் பொறுப்பாக வந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தம் பாடசாலையில் கைக்கொண்டு, 1797இல் அதுபற்றி இலண்டனில் நூலும் வெளியிட்டார். நமது சட்டாம்பிள்ளைக்கு இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்று பெயராயிற்று. ஓதப்பள்ளியில் லெப்பையின் கண் சாடைக்கு, குர்ஆன் முடித்த பையன் சின்னவர்களுக்கு அலிப், பே சொல்லிக்கொடுத்ததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆயினும் அது அங்கே பரவியதற்கு முக்கிய காரணம் அதன் மலிவு. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். மீட்டிச் சொல்பவரை ஒரு கடமைக்குரியவராகப் பார்ப்பது வேறு, மலிவான ஆளாகப் பார்ப்பது வேறு. இன்றைய பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டில் எந்த வழியில் போகின்றன என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை. அன்று காலை கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள், மாண்டார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று நீண்ட கரையோரத்தில் மையித்து இல்லாத வீடு அரிதாகிவிட்டது. என்னுடைய செய்முறைக் குழுவில் மருதமுனை மாணவர் ஒருவர் இருந்தார். கொட்டாஞ்சேனையில் போடிங்கில் தங்கிப் படித்தவர். உம்மாவையும் தங்கையையும் கடல் கொண்டுபோயிருந்தது. அவர் திரும்பி வந்தபோது பன்னிரண்டு செய்முறைகளில் ஐந்து முடிந்துவிட்டிருந்தன. எண்பது சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு அமர முடியாது என்பது சட்டம்.

ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு வாப்பாவின் நண்பரான ஹாஜியார் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த மாணவருக்குத் தூரத்துச் சொந்தம். தேநீரைக் குடித்துவிட்டு நேராக விடயத்துக்கு வந்தார்.

"மகன், அந்தப் புள்ளைட உம்மாவும் தங்கச்சியும் கடலோட பெய்ட்டாங்க. அஞ்சு கோட்டுக்குள்ள ஒரு சைன் போட்டா ஒங்களுக்கு என்ன நட்டம்? நம்மட புள்ளைக்கு நாம செய்யாட்டி வேற யாரு செய்ற?"

அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இரக்கம்தான் இருந்தது. வரவு இடாப்பு என்னிடம்தான் இருந்தது. யாரும் பார்க்கப்போவதுமில்லை. வாப்பா ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜியார், அந்த அஞ்சுல ஒன்டு சல்பூரிக் அமிலத்தோட செய்ற வேல" என்றேன். செறிந்த அமிலத்தை நீருக்குள் சிறிதுசிறிதாக விட வேண்டும். நீரை அமிலத்துக்குள் விட்டால் கொதித்துத் தெறிக்கும், கண் போகும். இதைக் கையால் செய்து பழகாத பிள்ளை, செய்ததாக என் இடாப்பு சொல்வதை நம்பி, அடுத்த வருடம் இன்னொருவர் அந்தப் போத்தலை அவர் கையில் கொடுப்பார். அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். "அந்த சைன் அமானத். நான் இல்லாத இடத்திலயும் அது எனக்காகப் பேசும். பொய்யாப் பேசினா அந்தப் புள்ளைக்குத்தான் ஆபத்து. செய்யாததைச் செஞ்சதா எழுத ஏலாது. ஆனா செய்யாததைச் செய்விக்க ஏலுமான்னு பாக்கிறேன்."

ஹாஜியார் திருப்தியோடு போகவில்லை. வாப்பா மட்டும், "சொன்னதைச் செய்யோணும் மகன்" என்றார்.

சொல்வது இலகு. தவறிய செய்முறைகளை மறுபடி நடத்த எனக்கு அதிகாரமில்லை. ஆய்வுகூடத் திறப்பும் என்னிடமில்லை. துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு மாணவருக்காக எழுதவில்லை. சுனாமியினால் செய்முறைகளைத் தவறவிட்ட அனைவருக்கும் மீள் வாய்ப்புக் கேட்டு எழுதினேன். நம் பிள்ளைக்கு மாத்திரம் கேட்பது சலுகை, எல்லோருக்கும் கேட்பது நியாயம் என்பது என் எண்ணம். அதற்கென்று ஒழுங்குவிதி எதுவுமில்லை, ஆட்கள் இருந்தால் நீங்களே செய்துகொள்ளுங்கள், மேலதிகக் கொடுப்பனவு கிடையாது என்று வாய்மொழிப் பதில் வந்தது.

ஆள் கிடைத்தார். ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஓய்வுக்குக் கிட்டிய ஒரு சிங்களப் பெரியவர். மூன்று சனிக்கிழமைகள், சம்பளமில்லாமல், காலை எட்டு மணிக்கு வந்து கரைசல்களைத் தயாரித்து வைத்தார். மருதமுனை மாணவரோடு மாத்தறைக் கரையில் வீட்டை இழந்த ஒரு மாணவியும் வேறு இருவரும் வந்தார்கள். பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் ஐந்து செய்முறைகளும் நடந்தன. அந்த மாணவர் அமிலத்தை நீருக்குள் விடும்போது அவர் கை நடுங்கியது. பெரியவர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து கோடுகளிலும் ஒப்பம் விழுந்தது, அன்றைய திகதியிட்டு. நால்வரும் பரீட்சைக்கு அமர்ந்தார்கள். மருதமுனை மாணவர் இன்று கிழக்கில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியர், அல்ஹம்துலில்லாஹ்.

கேட்பதற்கு இது நல்ல முடிவாகத் தோன்றும். எனக்கோ இன்னும் ஆறுதல் இல்லை. அந்தப் பெரியவருக்கு அந்தச் சனிக்கிழமைகளில் வேறு வேலை இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? ஒரு பிள்ளையின் வருடம் ஒருவரின் நல்ல மனத்தில் தொங்கிக்கொண்டிருக்கக்கூடாது.

இன்று இந்தப் பதவியில் சேரும் இளைஞர்களும் யுவதிகளும் என்னைச் சந்திக்க வருவதுண்டு. அவர்களுக்கு நான் சொல்பவற்றைச் சுருக்கமாக இங்கே தருகிறேன். முதலாவது, உங்கள் கடமைகளை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் நீங்களே எழுதி, நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டிருக்கிறேன் என்று துறைத்தலைவருக்குக் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, புள்ளித்திட்டம் இல்லாமல் ஒரு விடைத்தாளையும் திருத்தாதீர்கள். முதல் பத்துத் தாள்களை விரிவுரையாளரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்தக்காரரின் தாள் வந்தால் அறிவித்துவிட்டு இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். விடைத்தாள் கட்டைப் பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். மூன்றாவது, மாணவருடைய துயரம் உங்களிடம் வரும். கேளுங்கள், ஆனால் நீங்கள் வைத்தியரல்ல. மாணவர் ஆலோசகரிடமும் வைத்தியரிடமும் கொண்டுசேர்ப்பது வரைதான் உங்கள் பங்கு.

நான்காவது, பகிடிவதை. நேற்றுவரை அவர்களில் ஒருவராக இருந்த உங்களுக்கு, யார் எங்கே என்ன செய்கிறார் என்பது தெரியும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையையும் கல்வி நிறுவனங்களில் நடக்கும் ஏனைய வன்முறைகளையும் குற்றமாக்கியிருக்கிறது. பாலியல் தொந்தரவும் அதில் அடங்கும். புள்ளியிடும் கை உங்களிடம் இருப்பதால், மாணவிக்கும் உங்களுக்கும் இடையிலான தூரத்தைக் காப்பது உங்கள் பொறுப்பேயன்றி அவள் பொறுப்பல்ல.

இவை முஈதின் பங்கு. வக்பு செய்பவரின் பங்கு என்ன? மற்ற நாடுகளில் இது இலகுவாகக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் உதவியாளர்கள் 1966இல் சங்கம் அமைத்து, 1970இல் வேலைநிறுத்தம் செய்தே எழுத்து மூல ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். 2022 நவம்பரில் கலிபோர்னியப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 48,000 பேர் ஆறு வாரம்வரை வேலையை நிறுத்தினார்கள். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் உதவித்தொகை பெறும் எம்.டெக். மாணவர் வாரத்துக்கு 8 மணி நேரம் துறைக்கு உதவ வேண்டும் என்று ஒரு வரையறையாவது இருக்கிறது. இங்கே, 2022 பொருளாதார நெருக்கடியோடு விரிவுரையாளர்கள் பலர் நாட்டைவிட்டுப் போன பிறகு, தற்காலிகமானவர்களின் தோளில் பாரம் கூடியிருக்கிறது. மணித்தியால எல்லை, இரண்டு நாள் பயிற்சி, ஒரு மேசை, கேள்வி கேட்க ஒரு சிரேஷ்டர், அனர்த்த காலத்தில் மீள்செய்முறைக்கு ஓர் ஒழுங்குவிதி ஆகிய இந்த ஐந்தும் பெரிய செலவல்ல.

நமது சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவியது, வசதியற்ற பிள்ளைகள் படிப்பை விட்டுவிடக்கூடாது என்பதற்காக. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, மறு வருடமே பல்கலைக்கழகமாயிற்று. வாசலைத் திறப்பதற்கு நாம் கொடுத்தோம், போராடினோம். வாசலுக்குள் போன பிள்ளை அளவிக்கும் பியூரெட்டுக்கும் நடுவில் தடுமாறும்போது பக்கத்தில் நிற்பவருக்காக இன்னும் எதுவும் செய்யவில்லை. ஜமாஅத்துகளும் பழைய மாணவர் சங்கங்களும் ஒவ்வொரு வருடமும் புதுமுக மாணவருக்குப் பணப்பரிசும் பொன்னாடையும் கொடுக்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, முதல் வருட மாணவருக்காக வார இறுதிகளில் இன, மத பேதமின்றி மீட்டல் வகுப்புகளை நடத்தி, அதை நடத்தும் இளம் உதவியாளருக்கு உரிய கொடுப்பனவைக் கொடுக்கலாம். கொடுக்கும்போது கடமையையும் கொடுப்பனவையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நமது முன்னோர் வக்புப் பத்திரத்தில் எழுதியது அப்படித்தான்.